நாள் வேறு, நாழிகை வேறு

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், சூரியநெல்லியில் ஆற்றிய உரை)

    

ஆண்டு விழாவில் நான் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் கேட்டபோது சற்றே தயங்கினேன். இந்த மேடையில் தமிழாசிரியர்கள் பேசியிருக்கிறார்கள், கற்றறிந்தோர் பேசியிருக்கிறார்கள். நானோ பத்தாம் வகுப்புத் தேறிய சான்றிதழ் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக டிக்கட் சாளரத்தின் பின்னே உட்கார்ந்திருப்பவன். இலக்கியம் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆயினும் என் தொழிலில் நாள்தோறும் கையாண்டு பழகிய பொருள் ஒன்று உண்டு. அது தேதி. அதைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விழைகிறேன்.

இரயிலே இல்லாத மாவட்டத்துக்கு வந்து இரயில்வே குமாஸ்தா பேசுவது வேடிக்கைதான். இடுக்கி மாவட்டத்தில் இன்று தண்டவாளம் கிடையாது. நமக்கு வண்டி வேண்டுமானால் மலையிறங்கிப் போடிநாயக்கனூருக்குப் போக வேண்டும். அங்கும் அகலப் பாதைப் பணிக்காகப் பல ஆண்டுகள் வண்டி இல்லாதிருந்து, 2023 ஜூன் 15 முதல்தான் மீண்டும் ஓடுகிறது. ஆனால் ஒரு காலத்தில் நம் மலையிலேயே இரயில் ஓடியது. மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை 1908 முதல் ஓடிய அந்தச் சிறு இரயில்பாதையை 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. நாம் 1924 என்கிறோம். நம் மலையாள நண்பர்களோ அதைத் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்பார்கள். அது கொல்லம் ஆண்டு 1099. வெள்ளம் ஒன்றுதான். அதை எழுதி வைக்கும் கணக்கு இரண்டு. நான் சொல்ல வந்த செய்தியும் இந்த வகையைச் சேர்ந்ததே.

முதலில் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

என் தாயார் இந்த மலையில் கொழுந்து பறித்து எங்கள் மூவரையும் ஆளாக்கியவர். சில ஆண்டுகளுக்கு முன்பு, பிப்ரவரி 10-ஆம் தேதி, நள்ளிரவு கடந்து 1 மணி 40 நிமிடத்திற்குக் காலமானார். நான் அருகில் இருந்தேன். தம்பி துபாயில் இருந்தான். தங்கை, திருமணமாகிக் கனடாவில் டொராண்டோ நகரில் இருந்தாள். இருவருக்கும் அந்த இரவிலேயே தொலைபேசியில் செய்தி சொன்னேன்.

மறு ஆண்டு நினைவு நாள் நெருங்கியபோது, கல்லூரியில் படிக்கும் என் மகன், மூன்று குடும்பங்களும் கைபேசியில் பார்க்கக்கூடிய பொது நாட்காட்டி ஒன்றை உண்டாக்கினான். அதில் 'அப்பத்தா நினைவு நாள்' என்று எழுதி, பிப்ரவரி 10 நள்ளிரவு 12 முதல் மறுநாள் நள்ளிரவு 12 வரை என்று குறித்தான். நாள் முழுவதும் என்பதற்கு இதைவிடத் தெளிவாக எப்படி எழுதுவது? நானும் பார்த்து, சரி என்றேன்.

அந்த 10-ஆம் தேதி மாலை ஆறரை மணிக்கு நாங்கள் வீட்டில் விளக்கேற்றினோம். தம்பி துபாயிலிருந்து கைபேசியில் முகம் காட்டினான். தங்கையை அழைத்தோம், அவள் எடுக்கவில்லை. அன்று விடியற்காலை 5 மணிக்கு, ஏற்றிய விளக்கு ஒன்றின் படத்தை மட்டும் அனுப்பியிருந்தாள். நாளை மறந்துவிட்டு ஏதோ அவசரத்தில் ஏற்றியிருக்கிறாள் என்று நான் எண்ணினேன். வெளிநாடு போனால் தாயின் நாள்கூட மறந்து போகுமோ என்று ஒரு சொல்லும் சொல்லிவிட்டேன். அச்சொல் அவள் காதுக்கு எட்டிற்று. அவளோ, 'அண்ணன் வீட்டில் நாளெல்லாம் காத்திருந்தும் ஒருவரும் அழைக்கவில்லை. நான் ஒருத்தி மட்டும் அழுதுகொண்டு விளக்கேற்றினேன்' என்று நினைத்திருந்தாள். இரண்டு மாதம் எங்களுக்குள் பேச்சு இல்லை.

அன்பர்களே, இதில் மறந்தவர் யார்? ஒருவரும் இல்லை. தேதியைத் தவறாக எழுதியவர் யார்? அவரும் இல்லை. நடந்தது இதுதான். டொராண்டோவின் கடிகாரம் குளிர்காலத்தில் நம் கடிகாரத்துக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கே 10-ஆம் தேதி நள்ளிரவு 12 அடிக்கும்போது அங்கே 9-ஆம் தேதி பகல் ஒன்றரை மணி. ஆகவே அவள் கைபேசியில் அந்த நினைவு நாள் 9-ஆம் தேதி பகல் ஒன்றரைக்குத் தொடங்கி, 10-ஆம் தேதி பகல் ஒன்றரைக்கு முடிந்தது. நினைவூட்டும் மணி 9-ஆம் தேதியே அடித்துவிட்டது. அன்று மாலை ஆறரைக்கு அவள் விளக்கேற்றினாள்; அது நமக்கு 10-ஆம் தேதி விடியற்காலை 5 மணி. நாங்கள் ஏற்றியபோது அவளுக்கு மறுநாள் காலை 8 மணி, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கைபேசி சொன்னதை அவள் அப்படியே செய்தாள். என் மகன் எழுதியதைக் கைபேசியும் அப்படியே காட்டிற்று.

பிழை எங்கே இருக்கிறது? ஒரு நாளை, இரண்டு கணங்களுக்கு இடைப்பட்ட நேரமாக எழுதியதில் இருக்கிறது. கணம் என்பது உலகம் முழுமைக்கும் ஒன்று. இங்கே நான் கை தட்டும் கணத்தில் டொராண்டோவிலும் ஏதோ ஒரு கணம் நிகழ்கிறது. அதற்கு அங்கே பெயர்தான் வேறு. நாள் அப்படியன்று. நாள் என்பது மனிதன் நிற்கும் ஊரோடு சேர்ந்தது. பிப்ரவரி 10 ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனியே வந்து போகிறது. பசிபிக் பெருங்கடலில் கிரிபாட்டி நாட்டின் கிழக்குத் தீவுகளில் அது முதலில் பிறக்கிறது. அமெரிக்கன் சமோவாவில் கடைசியாக முடிகிறது. ஒரே தேதி, மக்கள் வாழும் உலகில் 49 மணி நேரம் உயிரோடிருக்கிறது.

இந்த வேறுபாட்டைக் கணினிப் பொறியாளர்கள் அறியாதவர்கள் அல்லர். நாட்காட்டிச் செயலிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ள 'ஐ-காலண்டர்' என்ற பொது விதி 1998-இல் வகுக்கப்பட்டு, 2009-இல் திருத்தி வெளியிடப்பட்டது. அதில் காலத்தை எழுத வெவ்வேறு வழிகள் உண்டு. ஒன்று, தேதியை மட்டும் எழுதுவது: ஆண்டு, மாதம், நாள் என எட்டு இலக்கம், மணி இல்லை, ஊர் இல்லை. இவ்வாறு எழுதிய நிகழ்ச்சி எந்த நாட்டுக்குப் போனாலும் அதே தேதியில் நிற்க வேண்டும். இரண்டாவது, மணியையும் அது எந்த ஊர் மணி என்பதையும் சேர்த்து எழுதுவது. இது நாட்டுக்கு நாடு மாறிக் காட்டப்படும். மாறித்தான் ஆக வேண்டும். மூன்றாவது, ஊரைச் சொல்லாமல் மணியை மட்டும் எழுதுவது. காலை 6 மணிக்கு மருந்து என்றால், எந்த ஊரில் இருக்கிறோமோ அந்த ஊர் 6 மணி.

கைபேசியில் 'முழுநாள்' என்று ஒரு சிறு பொத்தான் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை அழுத்தினால் முறையாக அமைந்த செயலி தேதியை மட்டுமே எழுதிக்கொள்ளும். என் மகன் அதைத் தொடவில்லை. மணி போட்டு எழுதினான். அவ்வளவே வேறுபாடு.

சில செயலிகளிலும் குறை இருந்ததுண்டு. உள்ளே எல்லாவற்றையும் கணமாகவே சேமிக்கப் பழகிய நிரலாளர், முழுநாளையும் உலகப் பொது நேரத்தின் நள்ளிரவாக எழுதி வைத்துவிடுவார். அது அமெரிக்கக் கண்டத்தில் முந்தின நாள் மாலையாகும். குழந்தையின் பிறந்த நாள் ஒரு நாள் முன்னதாகத் தெரியும். நள்ளிரவை நம்புவதில் வேறோர் இடரும் உண்டு. பிரேசில் நாட்டின் சில பகுதிகளில் 2018 வரை கோடைகாலத்தை ஒட்டிக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள். அதைச் செய்தது நள்ளிரவில். ஆகவே அந்த ஒரு நாளில் 12 மணி என்பதே இல்லை, 11.59-க்குப் பிறகு 1 மணி. இல்லாத மணியில் தொடங்கும் நாளை இயந்திரம் எங்கே கொண்டு வைக்கும்? இன்னும் ஒரு விந்தை கேளுங்கள். சமோவா நாடு தேதிக் கோட்டின் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்கு மாறியபோது, 2011 டிசம்பர் 30 என்ற நாளே அங்கு வரவில்லை. 29 வியாழன் இரவு உறங்கியவர்கள் 31 சனிக்கிழமை விழித்தார்கள்.

நிற்க. இந்தக் குழப்பம் கைபேசியோடு பிறந்ததன்று. இதற்கு ஒருவகையில் எங்கள் இரயில்வேயே காரணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரயில் வருமுன் ஒவ்வோர் ஊருக்கும் அதன் சூரியனே கடிகாரம். மாட்டு வண்டியில் போகிறவனுக்கு ஊருக்கு ஊர் சில நிமிடம் வேறுபட்டால் நட்டம் ஒன்றுமில்லை. இரயில் ஓடத் தொடங்கியதும், எந்த ஊர் மணிப்படி வண்டி புறப்படும் என்ற கேள்வி எழுந்தது. பம்பாய் நேரம் கிரீன்விச்சுக்கு 4 மணி 51 நிமிடம் முன்னால். கல்கத்தா நேரம் 5 மணி 53 நிமிடம் முன்னால். இரண்டுக்கும் நடுவே, சென்னை வானாய்வு நிலையத்தின் கணக்குப்படி சென்னை நேரம் 5 மணி 21 நிமிடம். ஆகவே இந்திய இரயில்கள் பல ஆண்டுகள் சென்னை நேரத்தில் ஓடின. 1906 ஜனவரி 1 முதல் 5 மணி 30 நிமிடம் என்னும் இந்தியப் பொது நேரம் வந்தது. அப்போதும் கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தத்தம் நேரத்தை விடவில்லை.

உலக நேர மண்டலங்களுக்காகப் பாடுபட்டவர்களுள் ஒருவரான சாண்ட்போர்டு பிளெமிங் என்பவரும் கனடா நாட்டு இரயில்வேப் பொறியாளரே. 1876-இல் அயர்லாந்தில், கால அட்டவணையில் காலையும் மாலையும் மாற்றி அச்சாகியிருந்ததால் வண்டியைத் தவறவிட்டு, இரவெல்லாம் நிலையத்தில் காத்துக் கிடந்தாராம். பின்பு 1884-இல் வாஷிங்டனில் 25 நாடுகள் கூடிய மாநாடு கிரீன்விச் கோட்டை முதற்கோடாக ஏற்றது. அதில் அவரும் கலந்துகொண்டார். டிக்கட் சாளரத்தில் இருப்பவன் என்ற முறையில் அவர் காத்திருந்த இரவை என்னால் நன்றாக நினைத்துப் பார்க்க முடிகிறது.

ஏனென்றால் இத்தகைய இரவுகளை நான் நேரிலேயே கண்டிருக்கிறேன். ஒரு முறை ஒரு தந்தை, வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு மகளை அழைத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்தார். டிக்கட்டில் 14-ஆம் தேதி, 00.40 மணி என்று இருந்தது. அவர் வந்ததோ 14-ஆம் தேதி இரவு பத்தரைக்கு. 'வண்டிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறதே' என்றார். ஐயா, அந்த வண்டி போய் இருபத்திரண்டு மணி நேரமாகிவிட்டது என்று நான் எப்படிச் சொல்வேன்? அந்தப் பெண்ணின் முகம் இன்னும் என் கண்முன் நிற்கிறது. இவ்வளவுக்கும் வண்டி முதல் நிலையத்தை விட்டது 13-ஆம் தேதி இரவு. வண்டிக்கு ஒரு தேதி. ஏறும் பயணிக்கு ஒரு தேதி. டிக்கட்டில் இருப்பது ஏறும் நிலையத்தின் தேதி.

அந்தத் தந்தையை அறியாதவர் என்று நான் நகைக்க மாட்டேன். நம் முன்னோர் கணக்கில் அவர் சொன்னதே சரி. நமக்கு நாள் என்பது சூரிய உதயம் முதல் மறு உதயம் வரை. நாழிகை அறுபது, ஒரு நாழிகை 24 நிமிடம். நடு இரவில் நாள் மாறுவதில்லை. 14-ஆம் தேதி இரவு என்றால் 15 விடியும்வரை அது 14-ஆம் தேதி இரவுதான். தொல்காப்பியம் மலைநிலமாகிய குறிஞ்சிக்கு வகுத்த சிறுபொழுது யாமம், அஃதாவது நடு இரவு. தேதி மாறித் தொல்லை கொடுக்கும் அந்த வேளை நம் நிலத்துக்கே உரியதாக அமைந்ததை எண்ணி நான் சில வேளை சிரித்துக்கொள்வதுண்டு.

சூரியன் பெயரையே ஊர்ப்பெயரில் தாங்கி வாழ்கிறவர்கள் நாம். கொழுக்குமலை உச்சியில் நிற்பவனுக்கு முன்னே விடிகிறது; கீழே லயத்தில் இருப்பவனுக்குச் சூரியன் மலை ஏறி வந்த பிறகே விடிகிறது. நம் கையிலுள்ள கடிகாரமும் நம் சூரியனுக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. இந்தியப் பொது நேரம் 82½ பாகை கிழக்கு நெடுங்கோட்டைப் பற்றியது. நாமோ ஏறக்குறைய 77 பாகையில் இருக்கிறோம். அதனால் இங்கே உச்சி வேளை சராசரியாக 12 மணி 21 நிமிட வாக்கில்தான் வருகிறது.

எல்லையில் வாழும் நமக்கு இன்னும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2022-லும் 2023-லும் நம் சித்திரைப் புத்தாண்டு ஏப்ரல் 14-இல் வந்தது; பக்கத்து வீட்டு விஷு 15-இல் வந்தது. 2024-இல் இரண்டும் 14-இல் ஒன்றாக வந்தன. நாம் பாயசம் கொடுத்த மறுநாள் அவர்கள் கொடுப்பார்கள்; சில ஆண்டு இரு பாயசமும் ஒரே நாளில் வரும். சூரியன் மேட ராசியில் புகும் கணம் இருவருக்கும் ஒன்றே. அந்தக் கணம் சூரியன் மறைவதற்குள் நிகழ்ந்தால் அன்றே மாதப் பிறப்பு என்பது நம் வழக்கம். கணிகாண்பதோ அதற்குப் பின் வரும் முதல் விடியலில். இதில் யாரும் தவறு செய்யவில்லை. கணம் ஒன்று, அதற்கு நாள் குறிக்கும் வழக்கம் இரண்டு. இதை அறிந்திருப்பதால் அண்டை வீட்டாரோடு நமக்குச் சண்டை வருவதில்லை. உடன்பிறந்த தங்கையோடு வந்தது, நான் இதை எண்ணிப் பாராததால்.

அந்தக் கதையை முடித்துவிடுகிறேன். சித்திரை பிறந்த பின் ஒரு நாள் தங்கையோடு பேசினேன். காரணம் விளங்கியதும் இருவரும் சற்று நேரம் பேசாமலிருந்தோம். பிறகு அவள் ஒரு கேள்வி கேட்டாள்: "அண்ணா, அம்மா இறந்த செய்தி வந்தபோது எனக்கு 9-ஆம் தேதி பிற்பகல். நான் வேலை செய்யும் இடத்தில் நின்றபடியே கேட்டேன். எனக்கு அம்மா போனது 9-ஆம் தேதிதானே?" என்றாள். அருகிலிருந்த பெரியம்மா, "ஆமாம், ஒன்பதாம் தேதி ராத்திரிதான் போனாள், விடியவே இல்லையே!" என்றார். பஞ்சாயத்தில் கொடுத்த இறப்புச் சான்றிதழிலோ 10. மூன்று பேர் மூன்று வழியில் கணக்கிட்டார்கள்; மூவர் கணக்கும் சரியே.

இயந்திரம் இதைத் தீர்த்து வைக்க முடியாது. எது நம் நாள் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். நாங்கள் மூவரும் கலந்து பேசி, தாயார் கண்மூடிய ஊரின் தேதியாகிய 10-ஐயே கொள்வது என்றும், அவரவர் ஊரில் அவரவர் 10-ஆம் தேதி மாலை விளக்கேற்றுவது என்றும் முடிவு செய்தோம். என் மகன் பழைய குறிப்பை நீக்கி, முழுநாள் பொத்தானை அழுத்திப் புதிதாக எழுதினான். அடுத்த பிப்ரவரியில் இங்கே ஏற்றிய ஒன்றரை மணி நேரம் கழித்துத் துபாயில் விளக்கு ஏறியது. பத்தரை மணி நேரம் கழித்து, 11-ஆம் தேதி காலை 5 மணிக்கு, டொராண்டோவிலிருந்து அழைப்பு வந்தது. நான் விழித்துக் காத்திருந்தேன்.

நம் காலனியில் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பாத வீடு அரிது. ஆகவே என் அனுபவத்தைக் கொண்டு மூன்று செய்திகளை உங்கள் முன் வைக்கிறேன்.

பிறந்த நாள், மண நாள், நினைவு நாள் ஆகியவை நாள்கள். அவற்றை முழுநாளாகவே குறியுங்கள். நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை என்று மணி போடாதீர்கள். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒருநாள் நிகழ்ச்சிக்கு ஐ-காலண்டர் விதிப்படி முடிவு மறுநாள் தேதியாக எழுதப்படும். அந்த மறுநாள் கணக்கில் சேராது. இதை அறியாத செயலி இரண்டு நாளாகக் காட்டினால் கலங்க வேண்டாம்.

இரயில், விமானம், கைபேசி வழியே கூடும் கூட்டம் ஆகியவை கணங்கள். அவற்றுக்கு மணியோடு எந்த ஊர் மணி என்பதையும் எழுதுங்கள். இரவு 12-க்கும் விடியலுக்கும் இடையே வண்டி என்றால், முந்தின நாள் இரவே நிலையத்துக்கு வந்துவிடுங்கள்.

அமாவாசை, கிருத்திகை, திதி ஆகியவை வானத்தைக் கொண்டு கணிப்பவை. அவற்றை ஆண்டுதோறும் ஒரே தேதியில் திரும்ப வருமாறு எழுதிவிடாதீர்கள். இங்கே ஒரு நாளும் கனடாவில் முந்தின நாளும் வருவது உண்டு. அவரவர் ஊர்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று. தொலைவில் இருக்கும் பிள்ளையோ உடன்பிறப்போ ஒரு நாள் முந்தியோ பிந்தியோ வாழ்த்துச் சொன்னால், மறந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டுமுன், 'உனக்கு இப்போது என்ன தேதி, என்ன மணி?' என்று ஒரு சொல் கேளுங்கள். நான் கேட்காததால் இரண்டு மாதம் இழந்தேன்.